எருவும் உரமும்

ஒரு பொருளைக் குறித்து இருவர் மாறுபட்டு வழக்கிடும்போது, இருவரும் உண்மையின் ஒவ்வொரு கூற்றினைப் பற்றிக்கொண்டு, மற்றைக் கூற்றினைக் காண மறுத்தலே பெரும்பாலும் அவ்வழக்கிற்குக் காரணமாக அமைகின்றது. மன்றங்களில் நிகழும் இத்தகைய வழக்குகளால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஆயின், உழவன் தன் வயல்வரப்பில் நின்று இவ்வாறு வழக்கிடுவானாயின், அவன் வீட்டு அடுப்பே அணைந்துபோதலும் கூடும். எருவா, உரமா என்னும் வழக்கு இந்நாளில் நம் சிற்றூர்தோறும் நிகழ்கின்றது. மண்புழு உரம் போன்ற இயற்கை எருவே போதும், கடையில் வாங்கும் உரம் நிலத்திற்கு நஞ்சு என்பர் ஒரு சாரார். சாணமும் சருகும் பழங்காலத்திற்கே பொருந்தும், இக்காலத்து விளைவிற்கு மூட்டை உரமே வேண்டும் என்பர் மற்றொரு சாரார். சின்ன வெங்காயப் பயிரைச் சான்றாகக் கொண்டு இவ்வழக்கினை ஆராய்ந்து, என் கருத்தினை ஈண்டுக் கூற விரும்புகின்றேன்.

யான் உழவு நூல் முறையாகக் கற்றவன் அல்லேன். தமிழ் கற்று, தமிழ் கற்பித்து, ஓய்வு பெற்றவன். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். சாணமும் தழையும் சருகும் மக்கிப் பயிர்க்கு உணவாகும்போது அதனை எரு என்றனர் நம் முன்னோர். உரம் என்னும் சொல்லுக்கோ வலிமை என்பது பழம்பொருள். நெஞ்சுரம் என்று இன்றும் வழங்குகின்றோம் அன்றோ? பயிர்க்கு வலிமை தருவது பற்றி அச்சொல் பிற்காலத்தில் எருவையும் குறிப்பதாயிற்று. தொழுவுரம், தழையுரம், மண்புழு உரம், இரசாயன உரம் என அனைத்திற்கும் ஒரு சொல்லே இன்று வழங்குகின்றது. வள்ளுவப் பெருந்தகையாரும் உழவு என்னும் அதிகாரத்தில், நிலத்தை நன்கு உழுது உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் விளையும் என்று ஒரு குறளிற் கூறி, உழுதலைக் காட்டிலும் எருவிடுதல் சிறந்தது என்று அடுத்த குறளிலேயே கூறுகின்றார். இவை முரண் அல்ல. ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய சிறப்பினை அதனதன் இடத்தில் வைத்து உணர்த்தியவாறு. இந்நோக்கே நமக்கும் வேண்டுவது.

நிற்க. இவ்வழக்கு என் குடும்பத்திலேயே எழுந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் ஆலத்தூர் வட்டம் சின்ன வெங்காய விளைவிற்குப் பெயர் பெற்றது. அப்பகுதியில் எந்தையார் விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் நிலத்தை என் தம்பி உழுது வருகின்றான். யான் பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய ஆண்டில், அவன் வெங்காயத்திற்கு யூரியாவை மிகுதியாக இட்டான். முப்பதாம் நாளில் ஒரு முறை இட்டது முறையே. அதன்பின் நாற்பத்தைந்தாம் நாளில் ஒரு முறையும், மழை பெய்த மகிழ்ச்சியில் மீண்டும் ஒரு முறையும் இட்டான். தாள்கள் கருநீலம் என்று சொல்லத்தக்க பசுமையோடு செழித்து நின்றன. வழியிற் செல்வோர் நின்று பாராட்டினர். அறுவடையில் எடையும் குறையவில்லை. ஆயின் தாளின் கழுத்துப் பகுதி பருத்து, நாட்பல ஆகியும் உலராமல் இருந்தது.

விலை ஏறும் வரையில் காத்திருப்பதற்காக, அவ்வெங்காயத்தைப் பட்டறையில் அடுக்கினோம். பட்டறையாவது, தரையினின்று உயர்த்தி, காற்றுப் புகும்படி இருபுறமும் படல் கட்டி, மேலே கூரை வேய்ந்த வெங்காயச் சேமிப்பிடம். ஒரு திங்கள் கழிந்ததும் படலின் அடியில் நீர் கசிந்தது; நாற்றம் தெருவரை வீசியது. பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் அழுகிக் கிடந்தது. விற்பனைக்கு வைத்தது போயிற்று என்பதினும், அடுத்த பருவத்திற்கு வைத்திருந்த விதைவெங்காயமும் உடன் போயிற்று என்பதே பெருந்துன்பம். கடன் வாங்கி விதை வாங்க வேண்டியதாயிற்று.

இதனைக் கண்ட தம்பி மகன், கல்லூரியிற் பயின்றவன், மூட்டை உரம் இனி நம் வயலில் அடி வைக்கலாகாது என்று உறுதி கொண்டான். மாட்டுக் கொட்டகையின் அருகே தொட்டி கட்டி, மண்புழுக்களை வாங்கி விட்டு, அன்போடு வளர்த்தான். ஆயினும் வீட்டில் இருந்தவை இரண்டே பசுக்கள். கிடைத்த சிறிது உரத்தை மூன்று ஏக்கருக்கும் பகிர்ந்து தூவினான். அவ்வாண்டு வெங்காயம் அழுகவில்லை. ஆயின் சுண்டைக்காய் அளவே பருத்தது. வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவும் அவ்விளைவு போதவில்லை. தந்தையும் மகனும் ஒரு பருவம் முழுவதும் முகங்கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் திண்ணையில், “அண்ணா, படித்த பிள்ளை செய்ததைப் பார்த்தீர்களா?” என்றான் தம்பி. “பெரியப்பா, சென்ற ஆண்டு அப்பா செய்ததை மறந்துவிட்டீர்களா?” என்றான் மகன். இருவர்க்கும் விடை கூறுதற்பொருட்டே யான் இப்பொருளை ஆராயத் தொடங்கினேன்.

முதற்கண் வெங்காயத்தின் இயல்பினை அறிதல் வேண்டும். அதன் வேர்கள் ஆழச் செல்வன அல்ல. பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்திற்குள்ளேயே சல்லிவேர்களாகப் பரவுவன. கிளைத்தல் குறைவு, வேர்த்தூவிகளும் குறைவு. ஆகலின் தொலைவிலுள்ள உணவைத் தேடிச் சென்று கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. வேண்டிய சத்து, வேண்டிய காலத்தில், வேரின் அருகிலேயே கிடைத்தல் வேண்டும். மற்றும், நாம் உண்ணும் வெங்காயம் கிழங்கும் அன்று, வேரும் அன்று. இலைகளின் அடிப்பகுதி உணவைச் சேர்த்து வைத்துத் திரண்ட திரட்சியே ஆகும். திரட்சி முதிருங்கால் தாள் சாய்ந்து, கழுத்து இறுகி உலர்தல் வேண்டும். அக்காலத்தில் தழைச்சத்து மிகுமாயின், பயிர் முதிர்வதனை மறந்து மீண்டும் தழைக்க முற்படும். கழுத்து இறுகாது, திறந்த அவ்வழியே அழுகல் நோய் புகும். என் தம்பியின் பட்டறை அழுகிய காரணம் இதுவே. குற்றம் யூரியாவினுடையது அன்று. அளவும் காலமும் தவறிய கையினுடையது.

இனி, மண்புழுவின் தொழிலைக் காண்போம். மண்ணையும் மக்கிய பொருளையும் விழுங்கி, வயிற்றில் அரைத்து, சிறு சிறு குருணைகளாகக் கழித்தலே அதன் வாழ்நாள் தொழில். சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர், மண்புழுக்கள் நிலத்தின் மேன்மண்ணை ஆக்கும் திறத்தினை விளக்கி 1881-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையவர்களின் மனோன்மணீய நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவின் உழைப்பினைக் கண்டு வியந்து பேசுகின்றது. நாங்கூழ் என்பது மண்புழுவின் பழம்பெயர். மேனாட்டு அறிவியலாரும் தமிழ்ப் புலவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இச்சிற்றுயிரைப் போற்றியமை எண்ணி மகிழத்தக்கது.

மண்புழு உரம் ஆக்குதல் அரிய செயல் அன்று. நிழலான இடத்தில் தொட்டி அமைத்து, சூடு தணியுமாறு இரண்டு மூன்று கிழமை மக்கவிட்ட சாணத்தையும் சருகையும் அதில் இட்டு, ஈரம் உலராமலும் நீர் தேங்காமலும் காத்தல் வேண்டும். புதுச்சாணத்தின் வெப்பத்தில் புழுக்கள் மாளும். எறும்பும் கோழியும் அணுகாமல் நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ இரண்டு திங்களில், தேயிலைத் தூள்போல் கருமை நிறங்கொண்ட, தீநாற்றமில்லாத உரம் கிடைக்கும். அது மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைத் தாங்கி நிறுத்தும், நுண்ணுயிர்களுக்கு உறைவிடமாகும், பலவகைச் சத்துகளையும் சிறிது சிறிதாக வழங்கும். மேலோட வேர்விடும் வெங்காயத்திற்கு இவையனைத்தும் பெருந்துணை.

எனினும் அன்பு கணக்கினை மறைத்தலாகாது. சின்ன வெங்காயத்திற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் தழைச்சத்து, ஹெக்டேருக்கு 60 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 24 கிலோ. மண்புழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு எனக் கொண்டால், 24 கிலோ பெறுவதற்கு 1600 கிலோ உரம் வேண்டும். அச்சத்து முழுவதும் மூன்று திங்களுக்குள் பயிர்க்குக் கிட்டுவதும் இல்லை. பாதியே கிட்டும் எனக் கொள்ளின் 3200 கிலோ வேண்டும். மூன்று ஏக்கருக்கு ஒன்பது டன்னுக்கு மேலாகும். இரண்டு பசுக்கள் ஓராண்டில் இடும் சாணம் முழுவதும் தொட்டியிற் சேர்ந்தாலும் அவ்வளவு உரம் ஆகாது. என் தம்பி மகனின் வெங்காயம் சிறுத்தமைக்குக் காரணம் இதுவே. குற்றம் மண்புழுவினுடையது அன்று. போதாத அளவினைப் போதும் எனக் கொண்ட நம்பிக்கையினுடையது.

கனிம உரத்தின் வரலாறும் அறியத்தக்கது. பயிர் மண்ணினின்று கொள்ளும் உணவு கனிமச் சத்துகளே என்பதனை 1840-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் லீபிக் வற்புறுத்தினார். 1842-இல் இங்கிலாந்தின் லாஸ் என்பார் சூப்பர் பாஸ்பேட் ஆக்கும் முறைக்கு உரிமை பெற்றார். நம் நாட்டில் சூப்பர் பாஸ்பேட் ஆலை முதன்முதலாக எழுந்தது, 1906-இல், நம் இராணிப்பேட்டையிலேயே. சாணம் அரிதான காலத்தில், குறைந்த எடையில் நிறைந்த சத்தைத் தருவது இவ்வுரத்தின் சிறப்பு. நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உண்டு. வெங்காயத்திற்குக் கனிம உரம் செய்யும் தனியுதவி ஒன்றும் உளது. வெங்காயத்தின் காரமும், அரியுங்கால் கண்ணீர் வரவழைக்கும் நெடியும் கந்தகச் சேர்மங்களால் ஆவன. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு நூற்றுக்குப் பதினொரு பங்கு அளவில் கந்தகமும் அமைந்துள்ளது. டி.ஏ.பி. உரத்தில் மணிச்சத்து மிகுதி. ஆயின் கந்தகம் இல்லை. மூட்டை எண்ணிக்கை குறையும் என்று டி.ஏ.பி. ஒன்றையே வாங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

ஆயின் கனிம உரம் மண்ணுக்கு மக்குப் பொருளைத் தருவதில்லை. பசித்தவனுக்குச் சோறிடலாம், அச்சோற்றினால் அவன் குடியிருக்கும் வீடு செப்பனிடப்படுவதில்லை. அதுபோலக் கனிம உரம் பயிர்க்கு உணவாகும். எரு, பயிர் வாழும் மண்ணாகிய வீட்டைக் காக்கும். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை பயிரிட்டு எருவையும் உரத்தையும் சோதித்து வருகின்றனர். தொழுவுரம் இட்டுவந்த பாத்தியில் மக்குப் பொருள் மற்றவற்றைக் காட்டிலும் இரு மடங்கிற்கு மேல் உயர்ந்துள்ளது. விளைவிலோ, தொழுவுரத்தோடு தழைச்சத்து உரமும் சேர்த்து இட்ட பாத்தியே அண்மைக் காலத்துக் கோதுமை வகைகளில் பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றது. நம் கோயம்புத்தூரிலும் 1909 முதல் நிலையான எருச் சோதனை வயல் ஒன்று நடைபெற்று வருதலை மாணவர்கள் அறிதல் நன்று. ஒரு நூற்றாண்டுக் கால நோக்கு, ஒரு பருவத்து ஆர்வத்தினும் நம்பத்தக்கது அன்றோ?

இனி, இரண்டையும் சேர்த்தல் எவ்வாறு? சேர்த்தல் என்பது ஒரே கூடையிற் கொட்டிக் கலத்தல் அன்று. ஒவ்வொன்றும் அதற்குரிய காலத்தில், அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில் அமைதல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே இக்கருத்திற்குச் சான்றாகும். ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம், நுண்ணுயிர் உரங்களாகிய அசோஸ்பைரில்லம் 2 கிலோ, பாஸ்போபாக்டீரியா 2 கிலோ, அடியுரமாகத் தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து 60 கிலோ, சாம்பல்சத்து 30 கிலோ, முப்பதாம் நாளில் மேலுரமாகத் தழைச்சத்து 30 கிலோ என்பது அப்பரிந்துரை. உரம் ஆய்ந்த அறிஞர் எருவை நீக்கவில்லை. எருவைப் போற்றியவர் உரத்தை விலக்கவில்லை என்பது இதனாற் புலனாகும்.

தொழுவுரம் போதாதவர், ஏக்கருக்கு இரண்டு டன் அளவில் மண்புழு உரம் ஆக்கிக்கொண்டு, அதனை வயல் முழுவதும் தூவாமல், வெங்காயம் ஊன்றும் பார்களில் மட்டும் இடுதல் சிறப்பு. ஒன்றரை அடி இடைவெளியில் பார் பிடித்து, அதன் இருபுறமும் விதைவெங்காயம் ஊன்றுவது நம் பகுதி வழக்கம். வேர் ஒரு சாணிற்குள் நிற்பதால், பாரில் இட்ட உரம் வீணாவதில்லை. இவ்வாறு செய்வோர் மூட்டை உரத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எனினும் மண் ஆய்வு செய்தே அளவினை முடிவு செய்தல் வேண்டும். 2015-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டை இதன்பொருட்டே அமைந்தது. அதனைப் பெற்றுப் பரணில் வைப்பதால் பயனில்லை.

கலக்கத்தக்கனவும் உள, கலக்கத்தகாதனவும் உள. சூப்பர் பாஸ்பேட்டை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஒரு திங்கள் மூடி வைத்து இடுவதனை ஊட்டமேற்றிய தொழுவுரம் என்பர். தனியே இட்ட மணிச்சத்தைச் சுண்ணாம்பு மிக்க கரிசல் மண் கட்டிப்பிடித்துக்கொள்ளும். எருவோடு கூடியதை அவ்வளவு எளிதிற் பிடித்துக்கொள்ளாது. எருவும் உரமும் நட்புக் கொள்ளுதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயின் நுண்ணுயிர் உரங்களை மண்புழு உரத்தோடு கலக்கலாமேயன்றி, யூரியா முதலியவற்றோடு கலத்தலாகாது, அவ்வுயிர்கள் மடியும். யூரியாவை அடுப்புச் சாம்பலோடு கலத்தலும் ஆகாது. தழைச்சத்து காற்றிற் கலந்து போகும். மேலுரம் இட்டபின் உடனே நீர் பாய்ச்சுதல் வேண்டும். திரட்சி பருக்கத் தொடங்கியபின் யூரியா மூட்டையைத் தொடாதிருத்தல் வேண்டும்.

இயற்கை எருவே போதும் என்பாரை யான் இகழ்கின்றேன் அல்லேன். மிகுதியான உரத்தால் நிலமும் நீரும் கெடுதலை அவர்கள் எடுத்துரைத்தமையாலேயே பலர் விழித்துக்கொண்டனர். ஆயினும் ஒரே நாளில் உரத்தைத் துறத்தல் தகாது. 2021-ஆம் ஆண்டு மே திங்களில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. போதிய எருவோ, மாறுதற்குரிய காலமோ உழவர்க்கு வாய்க்கவில்லை. நெல் விளைவு பெரிதும் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. மறுபுறத்தில், மூட்டை உரமே போதும் என்பார்க்கு ஒன்று கூறுவேன். அரசின் உதவியால் யூரியா மலிவாகக் கிடைக்கின்றது. மலிவானதை மிகுதியாக இடக் கை நீளுகின்றது. கையைத் தடுக்கும் அறிவினை எவரும் மூட்டையில் இட்டு விற்பதில்லை.

மூன்றாம் ஆண்டில், என் வேண்டுகோட்கிணங்கி, தம்பியும் அவன் மகனும் நிலத்தின் ஒரு மூலையில் மூன்று பாத்திகள் வகுத்தனர். ஒன்றில் மண்புழு உரம் மட்டும். மற்றொன்றில் மூட்டை உரம் மட்டும். மூன்றாவதில் இரண்டும் அளவோடு. அறுவடையன்று இரண்டாம் பாத்தியும் மூன்றாம் பாத்தியும் எடையில் ஏறத்தாழ ஒத்திருந்தன. தம்பி என்னை நோக்கி முறுவலித்தான். இரண்டு திங்கள் கழித்துப் பட்டறையைப் பிரித்தபோது, மூன்றாம் பாத்தியின் வெங்காயமே மிகுதியாக எஞ்சியிருந்தது. இப்போது முறுவலித்தவன் மகன். ஒரு வயலின் ஒரு பருவத்துச் சோதனை உலகிற்கு விதியாகாது என்பதை யான் அறிவேன். ஆயினும் அன்று முதல் தந்தை மண்புழுத் தொட்டிக்கு நீர் தெளிக்கின்றான். மகன் உரக்கடைக்குச் சென்று, கந்தகம் உள்ள உரம் எது என்று கேட்டு வாங்குகின்றான். அவ்வாண்டு விதைவெங்காயத்திற்குக் கடன் வாங்கவில்லை.

மாணவர்காள்! நும்முட் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். நும் தந்தையர் செய்வதனைப் பழமை என்று இகழாதீர்; பிறர் புதிதாகக் கூறுவதனை முழுவதும் உண்மை என்றும் நம்பாதீர். வயலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, எடை போட்டு, ஏட்டிற் குறித்து வைம்மின். எரு மண்ணைக் காக்கும். உரம் பயிரை ஊட்டும். இரண்டையும் அளந்து இடும் அறிவு குடியைக் காக்கும். அவ்வறிவினைப் பெறுதற்கே நீவிர் பள்ளிக்கு வருகின்றீர் என்பதனை மறவாதீர்.